12 நாள் ஐரோப்பா திருத்தலப் பயணம்: அந்தோனியாருக்கு 40 நிமிடம் போதாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். முப்பது வருடமாகக் கட்டட வேலை, பாதி நாள் கொத்து, பாதி நாள் கூரை. போன மாதம் மனைவியோடு போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி என்று ஒரு பயண நிறுவனத்தின் ஏற்பாட்டில் போய்வந்தேன். ஆளுக்கு 14,500 ரிங்கிட். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், குறைகளை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அடுத்து யார் போனாலும் எதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று தெரியவேண்டும், அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். தங்கும் விடுதிகள் எல்லாம் சுத்தம், பஸ் ஒரு நாளும் தாமதமாகவில்லை. காலையில் பசியாற ரொட்டி, முட்டை, பழம். என் மனைவி கொண்டுவந்த நெத்திலிச் சம்பல் மூன்றாம் நாளே தீர்ந்துபோனது, பஸ்ஸில் பாதிப் பேர் அதில்தான் சாப்பிட்டார்கள். நிறுவனத்தின் சார்பில் கூட வந்த தம்பி பொறுமைசாலி. உள்ளூர் வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதை வயதானவர்களுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெரிய குறை ஒன்றுதான். கோயில்களுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை.

லிஸ்பனில் ஆரம்பித்தது. புனித அந்தோனியாரை இத்தாலியின் பாதுவா ஊர்ப் பெயரோடு சேர்த்துப் பாதுவா அந்தோனியார் என்று சொல்கிறோமே தவிர, அவர் பிறந்தது லிஸ்பனில். அவர் பிறந்ததாகச் சொல்லும் இடத்தின்மேல் ஒரு கோயில் நிற்கிறது. பழைய கோயில் 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாளன்று வந்த நிலநடுக்கத்தில் விழுந்து, மறுபடி கட்டியது இது. அங்கே எங்களுக்கு 20 நிமிடம். அதற்குப் பிறகு தக்கைப் பை விற்கும் கடையில் ஒரு மணி நேரம்! அதே நிலநடுக்கத்தில் கூரை போன கார்மோ கோயிலை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். கூரை வேலை செய்கிறவன் நான், அதை பஸ் ஜன்னல் வழியாகக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

பார்சலோனாவில் பரவாயில்லை, சக்ராதா ஃபமிலியாவில் இரண்டு மணி நேரம் கிடைத்தது. 1882இல் தொடங்கிய கோயில், அடுத்த வருடமே கௌதி என்ற கட்டடக் கலைஞர் கையில் வந்தது, அவர் 1926இல் இறந்த பிறகும் வேலை தொடர்ந்தது. உள்ளே போனதும் எனக்குப் பால்மரக் காடுதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அம்மாவோடு பால் வெட்ட மர வரிசைக்கு, நிரைக்குப் போகும்போது ஏழு மணி வெளிச்சம் மரத்துக்கு மரம் இறங்கி வரும் பாருங்கள், அதே மாதிரி. தூண்கள் மரம்போல மேலே போய்க் கிளை பிரிகின்றன, அந்தக் கிளைகள்தான் கூரையைத் தாங்குகின்றன. கிழக்குப் பக்கக் கண்ணாடி நீலமும் பச்சையும், மேற்கே சிவப்பும் ஆரஞ்சும். எல்லாத் தூணும் ஒரே கல் இல்லை, அதிக பாரம் வருகிற இடத்தில் கல்லும் கெட்டியானது. நான் தூணைத் தட்டித் தட்டிப் பார்த்ததில் காவலர் ஒருவர் வந்து வேண்டாம் என்று கைகாட்டினார்.

ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறுவது பயணத் திட்டத்தில் இருந்தது, ஆனால் நுழைவுச்சீட்டு எடுக்க மறந்துவிட்டார்கள். என் மகள் வீட்டிலிருந்தே எனக்கு மட்டும் தனியாகப் பதிவு செய்து வைத்திருந்ததால் நான் ஏறினேன், மற்றவர்கள் கீழேயே நின்றார்கள். 463 படி, லிஃப்ட் கிடையாது. 1296இல் தொடங்கிய கோயில், நடுவில் 40 மீட்டருக்கும் அகலமான திறப்பு, வேலை தொடங்கி நூறு வருடத்துக்கு மேலாகியும் அதை எப்படி மூடுவது என்று தெரியாமல் இருந்தார்கள். நாம் ஒரு சின்ன வளைவு கட்டினாலும் கீழே பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, காய்ந்த பிறகுதானே பிரிப்போம்? அவ்வளவு அகலத்துக்குக் கீழிருந்து முட்டுக் கொடுக்க மரத்துக்கு எங்கே போவது. புருனெலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1420இல் வேலையைத் தொடங்கி 1436இல் முடித்தார், முட்டே இல்லாமல். செங்கல்லைப் படுக்கையாக அடுக்கிவரும்போது இடையிடையே ஒரு கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மீன் முள் மாதிரி சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். அந்த நிற்கிற கல், சுண்ணாம்பு இறுகும்வரை படுத்த கற்களைச் சறுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். குவிமாடம் இரண்டு அடுக்கு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டுக்கும் நடுவில்தான் நாம் ஏறுகிற படி. ஒரு திருப்பத்தில் சுவரில் அந்த மீன் முள் வரிசை பளிச்சென்று தெரிந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி, ஐந்து நிமிடம் அங்கேயே நின்றேன். கண் கலங்கிவிட்டது.

அப்புறம் பாதுவா. அந்தோனியார் 1231இல் இறந்தார், மறு வருடமே புனிதர் பட்டம், அதே வருடம் இந்தக் கோயில் வேலையும் ஆரம்பம். வெளியே இருந்து பார்த்தால் குவிமாடங்களும் ஒல்லியான கோபுரங்களும் கிழக்கு நாட்டுக் கட்டடம்போல இருக்கும். உள்ளே கல்லறைக்குப் பின்னால் பச்சைப் பளிங்குப் பலகை, வருகிறவர்கள் எல்லாம் அதில் உள்ளங்கையை வைத்து வேண்டுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட ஒரு அந்தோனியார் கோயில் இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை பெய்தால் ஜெபம் காதில் விழாது, அம்மா இன்னும் சத்தமாகச் சொல்வார். தோட்டத்தை விற்றபோது கோயிலும் போய்விட்டது, அம்மாவும் இப்போது இல்லை. அந்தக் கல்லில் கை வைத்தபோது சில்லென்று இருந்தது. எடுக்க மனம் வரவில்லை.

“ஐயா, பார்க்கிங் நேரம் முடியுது, போகலாமா?” என்று அந்தத் தம்பி மெதுவாகத்தான் கேட்டார். அவர்மேல் தப்பில்லை, 40 நிமிடம் என்று அட்டவணை போட்டவர்கள்மேல்தான் தப்பு. 1263இல் கல்லறையைத் திறந்தபோது அழியாமல் இருந்த அந்தோனியாருடைய நாக்கை அதே கோயிலில் பின்பக்கச் சிற்றாலயத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமலேயே எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் பஸ் ஏறினோம். இவ்வளவு தூரம் போய்.

ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் வரிசையிலேயே இரண்டு மணி நேரம் போனது, உள்ளே அரை மணி. பெர்னினி என்ற சிற்பி பலிபீடத்துக்கு மேல் அமைத்த வெண்கல மேற்கட்டு 29 மீட்டர், பத்து மாடி உயரம் இருக்கும், ஆனால் பேராலயக் குவிமாடத்தின் கீழே சின்னதாகத் தெரிகிறது. பான்தியன் என்ற பழைய ரோமானியக் கட்டடத்தில் நாங்கள் இருந்தபோது மழை. கூரையின் நடுத் துளை வழியாக நீர் உள்ளேயே விழுந்து, தரையில் இருக்கும் ஓட்டைகளில் வடிந்தது. 609 முதல் கிறிஸ்தவக் கோயிலாக இருக்கிறது, கட்டடமோ 2ஆம் நூற்றாண்டு. 43 மீட்டர் அகலக் கான்கிரீட் குவிமாடம், உள்ளே ஒரு கம்பி கிடையாது.

இந்த நிறுவனத்தோடு போகலாமா என்றால், போகலாம், நம்பிப் பணம் கட்டலாம். ஆனால் கட்டுவதற்கு முன் அட்டவணையை வாங்கி, ஒவ்வொரு கோயிலுக்கும் எத்தனை நிமிடம், கடைகளுக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஃபுளோரன்ஸ் நுழைவுச்சீட்டு எடுத்தாகிவிட்டதா என்று பாருங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை, நல்ல சப்பாத்து. பாதுவாவுக்கு அரை நாளாவது கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.