எந்தப் புதுப்பட்டி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், சென்ற மாசி மாதம் மூன்று வாரம் மதுரையில் தங்கியிருந்தேன். 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய என் தாத்தாவின் ஊரையும், அங்கே எஞ்சியிருக்கக்கூடிய உறவினரையும் தேடிப் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். கையில் இருந்தவை இரண்டே தாள்கள். ஒன்று, மலேசியாவில் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டையின், பாட்டியுடையதன் நகல். மற்றொன்று, தோட்ட அலுவலகத்துக் கிராணி (எழுத்தர்) யாரோ தாத்தாவைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்பு. அதில் சொந்த ஊர் என்ற இடத்தில் 'புதுப்பட்டி, மேலூர், மதுரா' என்று இருந்தது. இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்போது ஒரே நாளில் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் கோலாலம்பூரில் விமானம் ஏறும்வரை எண்ணியிருந்தேன்.

மதுரையைச் சுற்றியுள்ள சீமையில் புதுப்பட்டி என்ற பெயர் எத்தனை இடங்களுக்கு உண்டு என்பதை நான் யோசிக்கவே இல்லை. பழைய ஊரிலிருந்து பிரிந்து சென்று குடியேறிய இடமெல்லாம் ஒரு காலத்தில் புதுப்பட்டிதானே! அதோடு, அந்தக் காலத்தில் மேலூர் என்று எழுதினால் அது ஊரையும் குறிக்கலாம், தாலுகாவையும் குறிக்கலாம், அந்தப் பக்கத்திலிருந்து ஆள் திரட்டிய கங்காணி மனத்தில் வைத்திருந்த ஏதோ ஒரு வட்டாரத்தையும் குறிக்கலாம்.

முதல் நான்கு நாட்களை நான் வீணடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். குடும்ப வரலாறு என்றால் பத்திரம், பட்டா, வில்லங்கம் என்று எவரோ சொன்னதை நம்பி ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரங்களைப் பொதுவாக 1975 முதல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, தேடுதல் கட்டணம் செலுத்தி, அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டச் செய்ய வேண்டும். அட்டவணைகளில் ஒன்று ஆட்களின் பெயரைக் கொண்டும், இன்னொன்று சொத்தைக் கொண்டும் எழுதப்பட்டவை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதலாம் புத்தகத்தை, கட்டணம் செலுத்தும் எவரும் பார்வையிடலாம். உறவினர் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சட்டம் இவ்வாறு தாராளமாக இருக்க, நான் கண்டது வேறாக இருந்தது. முதல் நாள் 'நாளைக்கு வாங்க' என்றார்கள். இரண்டாம் நாள் சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள், கையெழுத்துப் புத்தகத்தைப் புரட்டுவதற்கும் சர்வருக்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. மூன்றாம் நாள் பதிவறைச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். நான்காம் நாள், எந்தப் புதுப்பட்டி, எந்தச் சர்வே எண், எந்த ஆண்டு என்று கேட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தங்கியிருந்த விடுதிக்காரர் சொல்லி, மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், அச்சகத்து மாடியில் கூடி, குடும்ப வேர் தேடி வருவோருக்கு உதவும் சிறு குழு ஒன்றைச் சந்தித்தேன். பெயர்ப் பலகை இல்லை, சந்தா இல்லை, பதிவு எண்ணும் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், நாற்பதாண்டு அனுபவமுள்ள ஒரு பத்திர எழுத்தர், வரலாறு கற்பிக்கும் ஒரு கல்லூரி ஆசிரியை, கைப்பேசியில் படமெடுத்துச் சேமிப்பதைப் பொறுப்பாகச் செய்யும் இளைஞர் இருவர் என ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு முறை கூடுகிறார்கள். நான் என் நான்கு நாள் குறையையெல்லாம் கொட்டி முடித்ததும், பத்திர எழுத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், உங்க தாத்தாவுக்கு நிலம் இருந்துச்சா?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தாத்தா பண்ணையாளாக இருந்தவர் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிலம் இல்லாதவருக்குக் கிரையப் பத்திரம் ஏது, ஒத்திப் பத்திரம் ஏது, பட்டா ஏது? அலுவலகம் என்னை அலைக்கழித்தது உண்மைதான். ஆனால் அது நான் கேட்டதையெல்லாம் தந்திருந்தாலும் என் தாத்தா அதில் இருந்திருக்க மாட்டார்.

அன்று டர்பனிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தையும் அங்கே பார்த்தேன். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா, ஜில்லா ஆகியவற்றைப் பார்க்கலாம். அவர்கள் அதை அச்சிட்டே கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் மலாயாவுக்குக் கங்காணி முறையில் சென்றவர்களோ சட்டப்படி 'சுதந்திரக் கூலிகள்'. எழுதிய ஒப்பந்தம் கிடையாது. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடைசெய்யும்வரை அப்படிப் போனவர்களின் ஊர் விவரம் பெரும்பாலும் கங்காணியின் நினைவிலும் தோட்டத்துத் தாள்களிலும்தான் இருந்தது. அடிமைத்தளை இறுக்கமாக இருந்தவருக்கு ஆவணம் இருக்கிறது, சற்றுத் தளர்வாக இருந்தவருக்கு இல்லை என்பதை அந்த டர்பன் குடும்பத்தின் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தபோது கொஞ்சம் பொறாமையோடுதான் உணர்ந்தேன்.

குழுவிடம் இருப்பவற்றுள் மிகவும் பயனுள்ளது, அச்சில் வராத ஒரு கணக்கு நோட்டு. ஒவ்வோர் உட்கடைக் குக்கிராமமும் எந்த வருவாய்க் கிராமத்தைச் சேர்ந்தது, முன்பு எந்தத் தாலுகா, இப்போது எந்த மாவட்டம் என்று ஓய்வு பெற்ற அந்த வருவாய்த் துறைக்காரர் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வருவோர் பலர் 'மதுரா ஜில்லா' என்ற சொல்லை இன்றைய மதுரை மாவட்டமாகவே எடுத்துக்கொண்டு தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்றார் அவர். 1910இல் இராமநாதபுரம் தனி மாவட்டமானது. 1985இல் திண்டுக்கல் பிரிந்தது. 1990களில் தேனி பிரிந்தது. சிவகங்கையும் 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்ததுதான். ஆகவே 1905இல் 'மதுரா' என்று எழுதப்பட்டவருடைய ஊர் இன்று கம்பம் பக்கமும் இருக்கலாம், பரமக்குடி பக்கமும் இருக்கலாம். 1980 நவம்பரில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை அரசு ஒழித்தபோது சில ஊர்களில் கணக்குகள் முறையாக ஒப்படைக்கப்பட்டன என்றும், சில ஊர்களில் பழைய கர்ணத்தின் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன என்றும் அவர் சொன்னார். அவருக்குத் தெரிந்த பரண்களைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்பதற்கென்றே ஒரு முழுநாள் வைத்துக்கொண்டு போகலாம்.

கூட்டத்தின் இரண்டாம் பகுதி பழைய தாள்களைப் படிக்கும் பயிற்சி. தமிழாசிரியராக முப்பத்திரண்டு ஆண்டு இருந்தவன் என்ற மிதப்போடு உட்கார்ந்த எனக்கு முதல் வரியே தடுக்கியது. ௲௯௱௨௰௨ என்பது 1922 என்று எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் தேதி, ௹ என்றால் ரூபாய், ௸ என்றால் மேற்படி. இந்த 'மேற்படி'யைத்தான் ஒருவர் யாரோ ஒரு மூதாதையின் கையொப்பம் என்று நினைத்துச் சட்டமிட்டு மாட்டியிருந்தாராம். வருவாய்க் கணக்குகளில் வழங்கும் பசலி ஆண்டுடன் 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலை முதல் தேதியில் பிறக்கும். வெறுமனே 'துந்துபி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1862ஆகவும் இருக்கலாம், 1922ஆகவும் இருக்கலாம். தாளையும் மையையும் அதில் வரும் நாணயத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கிறித்தவக் குடும்பங்களுக்கு வழி வேறு: ஞானஸ்நானப் பதிவேடுகளில் தொடங்குகிறார்கள். சேசு சபையினரின் மதுரை மாகாண ஆவணங்களுக்கு அவர்களைக் கொடைக்கானல் செண்பகனூருக்கு அனுப்புகிறார்கள்.

நிலமும் இல்லை, சபையும் இல்லை என்ற என் போன்றவர்களுக்கு அவர்கள் காட்டுவது மொய் நோட்டு. காதுகுத்து, கல்யாணம், சடங்கு எதுவானாலும் பந்தல் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஊர், தகப்பன் பெயர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதும் வழக்கம் மதுரைப் பக்கத்தில் எவ்வளவு ஊன்றியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் அந்த நோட்டை எவரும் எளிதில் எறிவதில்லை. முதல் வரி தாய்மாமன் சீருக்கு உரியதாகையால், அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் எந்த ஊரில் பிறந்தவள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பெண்ணின் பிறந்தகத்தைச் சொல்லும் எழுத்து வேறெங்கும் இவ்வளவு உறுதியாகக் கிடைப்பதில்லை என்றார் கல்லூரி ஆசிரியை. குழுவினர் கிராமங்களுக்குப் போய், உரியவர் வீட்டிலேயே வைத்து நோட்டுகளைப் படமெடுத்துவிட்டு, மூலத்தை அங்கேயே விட்டு வருகிறார்கள். மகா சிவராத்திரிக்குப் பங்காளிகள் குலதெய்வக் கோயிலில் கூடும்போது இந்த வேலை எளிதாக நடக்குமாம். எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களும் அன்று ஓரிடத்தில் கிடைப்பார்கள்.

நான் போயிருந்தது அந்த நாளை ஒட்டித்தான். வருவாய்த் துறைக்காரரின் நோட்டைக் கொண்டு மேலூர்ப் பக்கத்துப் புதுப்பட்டிகளை இரண்டாகக் குறைத்தோம். முதலாவதில் எதுவும் கிடைக்கவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால் பழைய புத்தகம் கரையானுக்கு இரையாகியிருந்தது. இரண்டாவது ஊரில், கோயில் திடலில் புளியமரத்தடியில் அமர்ந்து, ஒரு வீட்டார் மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்த ஏழு நோட்டுகளை இளைஞர் இருவரும் பக்கம் பக்கமாகப் படமெடுத்தார்கள். மிகப் பழையது 1951, கடைசியானது 1979. மூன்றாவது நோட்டைப் புரட்டும்போது அவர்களில் ஒருவர், "சார், இங்க பாருங்க" என்றார். தகப்பன் பெயருக்குப் பிறகு, 'மலாயாக்காரர் வகை, அண்ணன் கையால், ரூ. 2' என்று எழுதியிருந்தது. அதற்கு முந்திய வரியில் அதே தகப்பன் பெயரோடு அண்ணனின் சொந்த மொய் தனியாக இருந்தது.

அதுபோல ஐந்து நோட்டுகளில் வருகிறது. கடல் கடந்து போய், கடிதமும் நின்றுபோன தம்பியின் பெயரில், ஊரில் அவனுடைய கணக்கு அறுந்துவிடக் கூடாது என்று அண்ணன் விடாமல் மொய் செய்திருக்கிறார். நோட்டில் உள்ள வரிசையில், பாட்டி சொல்லிச் சொல்லி என் தந்தைக்கு மனப்பாடமாகியிருந்த நான்கு பெயர்களில் மூன்று இருந்தன. அந்த வீட்டு மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏய்யா, சின்னவரு பேரனா நீ? இம்புட்டு நாளா எங்க இருந்த?" என்றார், இதற்கு என்ன பதில் சொல்வது?

குழுவைப் பற்றிய என் குறைகளையும் எழுத வேண்டும். படமெடுத்த பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் பெயர் அகரவரிசை எதுவும் இல்லை. எந்த நோட்டு எங்கே என்பது எழுபதைத் தாண்டிய இருவரின் நினைவில் இருக்கிறது. அவர்கள் வரைந்து கொடுக்கும் வம்ச விளக்கப்படத்தில் ஆண்களின் கோடு மட்டுமே நீள்கிறது. மொய் நோட்டில் தாய்மாமன் வரி தரும் செய்தியைக்கூடப் படத்தில் ஏற்றுவதில்லை என்று ஆசிரியையே வருத்தத்தோடு சொன்னார். ஒரு பழக்கம் பாராட்டுக்குரியது: தம் சாதிப் பெருமையை நிறுவ ஆதாரம் தேடி வருபவர்களிடம், அதற்கு இங்கே வேலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நான் இருந்த அன்றும் காரில் வந்த ஒருவர் அப்படித் திரும்பிப் போனார். கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. நகலெடுக்கும் செலவும் கிராமத்துக்குப் போகும் வண்டி வாடகையும் நம்முடையவை. வருகிறவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் கொண்டுவராமல், வீட்டில் வழங்கும் பட்டப்பெயர், குலதெய்வத்தின் பெயர், கூடப் போனவர்களின் ஊர், கங்காணியின் ஊர் ஆகியவற்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, அந்த அண்ணன் வழிக் கொள்ளுப்பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். மொய் மேசையில் இப்போது கணினியும் சிறு அச்சு இயந்திரமும் இருக்கின்றன. பணத்தைக் கொடுத்ததும் ரசீது வந்துவிடுகிறது. என் முறை வந்தபோது, "எந்த ஊரு மாமா?" என்று கேட்டான் தட்டச்சு செய்த பையன். சுங்கை சிப்புட் என்றேன். அவனுடைய பட்டியலில் அப்படி ஓர் ஊர் இல்லை; இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டு, பின்னால் நீண்டிருந்த வரிசையையும் பார்த்துவிட்டு, 'மலாயாக்காரர் வகை' என்று அடித்து ரசீதைக் கிழித்துக் கொடுத்தான்.