வெள்ளைப்படுதலுக்குப் பாமசியா, கிளினிக்கா?

போன மாரியில் எனக்கு வெள்ளைப்படுதல் கூடியது. அளவாக வெள்ளைபடுவது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். நிறம் மாறினால், கெட்ட மணம் வந்தால், அரித்தால்தான் யோசிக்க வேண்டும். எனக்கு மணமும் இருந்தது, லேசாக அரிப்பும் இருந்தது.

முதலில் போனது பாமசிக்கு. பக்கத்தில் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஆனால் பின்னால் நாலு பேர் நின்றார்கள். "அரிப்பு" என்று மட்டும் மெல்லச் சொன்னேன், மணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. குளோட்ரிமசோல் வில்லை தந்தார்கள், இரவில் உள்ளே வைத்தேன். அது பூஞ்சைக்கான மருந்து. இரண்டு வாரம் போயும் மணம் அப்படியே இருந்தது, கணவரோடு சேர்ந்த பிறகு இன்னும் கூடியது.

தங்கச்சியின் குழந்தையைப் பார்க்க வந்த மிட்வைஃப்பிடம் கடைசியில் சொன்னேன். "புள்ள, பார்க்காம மருந்து போடாதீங்க" என்றார். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய் கிளினிக்குக்குப் போகச் சொன்னதும் அவர்தான். வேறு டொக்டரின் துண்டு தேவையில்லை, காசும் இல்லை, விபரம் வெளியே போகாது என்றார். அந்தப் பெயர்ப் பலகைக்குப் பயந்து குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

பாமசி போதும் என்ற என் எண்ணத்தை மாற்றியது உள்ளே நடந்த பரிசோதனைதான். லேடி டொக்டர் கருவி வைத்துப் பார்த்து, பஞ்சுக் குச்சியில் எடுத்ததை ஒரு மஞ்சள் தாளில் தொட்டார். தாள் பச்சையானது. பெண்ணுறுப்பின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். (pH) அளவு வழக்கமாக 3.8 முதல் 4.5 வரை இருக்கும், 4.5ஐத் தாண்டினால் பூஞ்சையாக இருக்கும் வாய்ப்புக் குறைவு என்று விளக்கினார். மிச்சத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, இது பக்டீரியா பெருகியதால் வந்தது என்றார். மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு, 7 நாள். நாலாம் நாளே மணம் நின்றது, ஆனாலும் ஏழு நாளும் விழுங்கினேன்.

தயிர்போலத் திரண்டு, மணமில்லாமல், கடுமையாக அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. தண்ணியாகச் சாம்பல் நிறத்தில் மீன் மணம் வந்தால் பக்டீரியா. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உடலுறவால் தொற்றுவது, கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் திரும்ப வரும். பூஞ்சைக்கான மருந்து மற்ற இரண்டையும் குணமாக்காது. என்னைப் போல இரண்டு அறிகுறி கலந்திருந்தால் வீட்டிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். கடைக்காரரும் அதைக் கவுண்டரில் நின்று பார்க்க முடியாது.

கிளினிக்கில் குறையும் உண்டு. காலையில் போய் இருந்தால் அரை நாள் போய்விடும். தனியார் டொக்டரைச் சனல் பண்ணினால் (முன்பதிவு செய்தால்) பின்னேரம் போகலாம், ஆனால் டொக்டர் காசு, லேப் காசு என்று தனித்தனி. வேறு விஷயத்துக்கு ஒரே ஒரு தடவைதான் அப்படிப் போனேன், அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 35 வயது தாண்டியவர்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கும் இருக்கிறது. அது முக்கியமாகக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தேடுவது, இருந்தாலும் அங்கேயும் சொல்லலாம்.

பாமசியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முன்பு டொக்டர் பூஞ்சை என்று உறுதிப்படுத்தியிருந்து, அதே அறிகுறி அச்சொட்டாகத் திரும்பினால் சரி. வருடத்துக்கு மூன்று நாலு தடவை வந்தால் இரத்தத்தில் சீனி சோதியுங்கள். கர்ப்பிணிகள் தாங்களாக எதுவும் வாங்க வேண்டாம்.

போகுமுன் டெட்டோல், வேப்பிலைத் தண்ணீர் என்று உள்ளே கழுவாதீர்கள். கழுவினால் நல்ல பக்டீரியாவும் போய்விடும், பரிசோதனையும் பிழையாகும். காய்ச்சலோடு அடிவயிறு வலித்தால் கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.