எராஸ்மஸ் பிளஸ் நிதிநல்கை: வேலூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு மதிப்பீடு

கல்வியிலும் இளைஞர் பணியிலும் நாடுகளுக்கிடையிலான பரிமாற்றத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் எராஸ்மஸ் பிளஸ் நல்கையை, வேலூர் மாவட்டத்துத் தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் பன்னாட்டு உறவுகள் ஒருங்கிணைப்பாளராக நான்கு ஆண்டுகள் கையாண்டிருக்கிறேன். அதன் வழியாக இரண்டு மாணவிகளையும் ஓர் ஆசிரியரையும் அனுப்பியிருக்கிறோம். கூட்டுத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்துத் தோற்றும் இருக்கிறோம். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். பணம் போதுமானது, விதிகள் பெரும்பாலும் நியாயமானவை. ஆனால் அந்தப் பணம் கைக்கு வரும் நேரம், கையில் ஏற்கெனவே பணம் வைத்திருக்கும் குடும்பத்தை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டிருக்கிறது. குறைத்த ஒன்றரை மதிப்பெண்ணில் பெரும்பகுதி அதற்காகத்தான்.

வட ஆற்காட்டுக்கு வெளிநாட்டுக் கல்வித் தொடர்பு புதிதன்று. 1853இல் அமெரிக்கக் கிறித்தவ ஊழியர்களின் ஆற்காடு மிஷன் அமைந்தது; 1898இல் ஊரீசு கல்லூரி தொடங்கியது; 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. என்னும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. ஆயினும் அவையெல்லாம் அங்கிருந்து இங்கே வந்தவை. இங்குள்ள ஒரு பெண், யாருடைய தயவிலும் அல்லாமல், இரு கல்லூரிகள் சமமாகக் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தின் பெயரில் அங்கே போய் ஒரு பருவம் படித்துத் திரும்புவது எங்களுக்கு வேறொரு அனுபவம். இந்த நல்கையை நான் மதிப்பதற்கு முதற்காரணம் அதுவே.

1987இல் எராஸ்மஸ் என்று தொடங்கிய இத்திட்டம், 2014இல் வேறு பல திட்டங்களையும் சேர்த்துக்கொண்டு எராஸ்மஸ் பிளஸ் ஆயிற்று. 2021 முதல் 2027 வரையிலான கட்டத்துக்கு ஏறத்தாழ 2,600 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. நாங்கள் பயன்படுத்திய பிரிவில் மாணவர் இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை ஐரோப்பியக் கல்லூரியில் படிக்கலாம். செல்லும் நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை வாழ்க்கைச் செலவுக்குக் கிடைக்கும். பயணப்படி தூரத்தைக் கணக்கிட்டுத் தனியாக வரும். கல்விக் கட்டணம் கிடையாது. எங்கள் மாணவிகள் விடுதி வாடகையும் சாப்பாடும் போகக் கொஞ்சம் மிச்சமும் பிடித்தார்கள். விண்ணப்பத்தை எழுதும் சுமையும் நமக்கு இல்லை. உயர்கல்விக்கான எராஸ்மஸ் சாசனம் என்னும் தகுதிச் சான்று பெற்ற ஐரோப்பியக் கல்லூரியே விண்ணப்பித்து, பணத்தையும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. நாம் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மாணவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் போதும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. முதலில் சென்ற மாணவி ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தாயின் மகள். தேர்வு முடிந்து அனுமதிக் கடிதம் வந்த பிறகு, விசாக் கட்டணம், காப்பீடு, விமானச் சீட்டு, விடுதி முன்பணம் என்று புறப்படுவதற்கு முன்பே ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. நல்கையின் முதல் தவணையோ அவள் அங்கே போய் வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் வந்தது. முன்கூட்டியே ஒரு பகுதியை அனுப்பும்படி மூன்று முறை எழுதிக் கேட்டோம். வருகையை உறுதிசெய்யாமல் அனுப்பும் வழக்கம் தங்களிடம் இல்லை என்று எதிர்தரப்புக் கல்லூரி பணிவாகவே மறுத்தது. "திரும்பி வர்ற பணம்தானே சார், கடன் வாங்கிக் கட்டிடுறேன்" என்று சொல்லி, அந்த அம்மா வட்டிக்கு வாங்கினார். அந்த வட்டி எந்த நல்கைக் கணக்கிலும் ஏறாது. அதே ஆண்டில் குடியாத்தத்தைச் சேர்ந்த இன்னொரு மாணவி, மதிப்பெண்ணிலும் நேர்காணலிலும் இவளுக்கு இணையாக இருந்தவள், வீட்டில் கடன் வேண்டாம் என்றதால் விலகிக்கொண்டாள். வசதி குறைந்த மாணவர்களுக்குக் கூடுதல் உதவி இந்த நல்கையில் உண்டு. அதுவும் அதே தவணையோடு பின்னால் வந்தால் புறப்படும் நாளில் அதனால் பயனில்லை.

இரண்டாவது குறை பாதி நம்முடையது. ஐரோப்பிய மதிப்பலகு (கிரெடிட்) முறையில் ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 மதிப்பலகு. ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அதில் மாணவர் தானே படிக்கும் நேரமும் அடக்கம். நம்முடைய அலகு வகுப்பறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று புறப்படுவதற்கு முன்பே கற்றல் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது நல்கையின் விதி. மிகச் சரியான விதி. நாங்கள் அதை வெறும் படிவமாக நினைத்து நிரப்பிவிட்டோம். மாணவி திரும்பி வந்ததும் இரண்டு தாள்களை ஏற்க எங்கள் தேர்வுப் பிரிவு மறுத்தது. அங்கே நல்ல மதிப்பெண் வாங்கிய பெண் இங்கே அரியர் எழுதினாள். அடுத்த முறை, ஈட்டுப் பாடங்களின் பட்டியலைப் பாடத்திட்டக் குழுவிலேயே வைத்து ஒப்புதல் பெற்ற பிறகுதான் ஆளை அனுப்பினோம். ஒரு தாளும் தங்கவில்லை.

எராஸ்மஸ் பிளஸிலேயே, கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் உயர்கல்வித் திறன் மேம்பாட்டுத் திட்டம் வேறு வகை. அனுபவம் குறைந்த கல்லூரிகளை உள்ளே கொண்டுவருவதற்கென்றே உள்ள அதன் முதற்பிரிவில் 2 லட்சம் முதல் 4 லட்சம் யூரோ வரை, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குக் கேட்கலாம். நாங்கள் விண்ணப்பித்துத் தேர்வாகவில்லை. ஆனால் வந்த மதிப்பீட்டு அறிக்கை, எந்தப் பகுதியில் எத்தனை மதிப்பெண், ஏன் குறைந்தது என்று வரிவரியாகச் சொன்னது. இதுவரை எங்களை நிராகரித்தவர்களில் காரணத்தை இவ்வளவு தெளிவாக எழுதித் தந்தவர்கள் இவர்கள் மட்டுமே. அதற்காக முழு மதிப்பெண் தருகிறேன்.

இந்த வகைக்குப் போகும் கல்லூரிகள் நம் நாட்டுச் சட்டத்தை முதலில் படிக்க வேண்டும். அறக்கட்டளையோ சங்கமோ நடத்தும் கல்லூரி வெளிநாட்டு நிதியைப் பெற, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கெனத் தொடங்கிய கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெற்ற நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் கூடாது. எங்கள் விண்ணப்பத்தில் நாங்களே பணத்தைப் பெற்று மற்ற இரண்டு இந்தியக் கல்லூரிகளுக்குப் பிரித்துத் தருவதாக எழுதியிருந்தோம். தேர்வாகியிருந்தால் சட்டச் சிக்கலில் மாட்டியிருப்போம். ஒவ்வொரு கல்லூரியும் ஐரோப்பிய ஒருங்கிணைப்பாளரிடமிருந்து நேரடியாகப் பெறுவதாகத் திட்டம் தீட்டுவதே முறை.

தங்கள் மன்றமும் இந்த நல்கையைப் பெறலாமா என்று இளைஞர் மன்றம் நடத்தும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 13 முதல் 30 வயது வரையுள்ளவர்கள் குழுவாகச் சென்று வரும் இளைஞர் பரிமாற்றம் இந்த நல்கையின் மிக அழகான பகுதி. ஆனால் அது ஐரோப்பாவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் உரியது, இந்திய மன்றங்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஐரோப்பிய அமைப்பு ஒன்று விண்ணப்பிக்கும் கூட்டுறவுத் திட்டத்தில், நம் பங்கு இன்றியமையாதது என்று நிறுவிக்காட்டினால், பங்காளியாகச் சேரலாம். தலைமை ஏற்க முடியாது. தனி இளைஞர்களுக்கு ஜெர்மனி அரசின் வெல்ட்வெர்ட்ஸ் தன்னார்வப் பணித் திட்டம் பொருத்தமானது. 18 முதல் 28 வயது வரையுள்ளவர்களுக்கான அத்திட்டம் 2008இல் ஜெர்மானிய இளைஞர்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. 2013 முதல் நம் போன்ற நாடுகளின் இளைஞர்களும் அங்கே சென்று பணியாற்ற வழி உண்டு.

முன்பணச் சிக்கலுக்கு ஐரோப்பாவின் பதிலை எதிர்பார்த்திருக்காமல், முன்னாள் மாணவர்களிடம் திரட்டிய மூன்று லட்சம் ரூபாயைக் கல்லூரியில் சுழல்நிதியாக வைத்தோம். வட்டியில்லாமல் கொடுத்து, நல்கை வந்ததும் திரும்பப் பெறுவது ஏற்பாடு. இரண்டாவதாகச் சென்றவள், முன்பு விலகிக்கொண்ட அதே குடியாத்தத்து மாணவி. அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டாள்.