ஃபுல் ஆஃப்பா, ஃபில்ட் வித்தா?

நம்ம மலேசியா சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டப் பிள்ளைங்க நெறைய பேரு இங்கிலீஷ் கட்டுரையில ‘ஃபுல் வித்’னு எழுதிடுறாங்க, பாவம், மலாய்ல ‘பெனோ டெங்கான்’னு (பெனோன்னா ஃபுல், டெங்கான்னா வித்) பழகின வாய், அதையே இங்கயும் கொண்டாந்துடுது. ஃபுல்னா (full) பின்னால ஆஃப் (of), ஃபில்ட்னா (filled) பின்னால வித் (with), இத மட்டும் பிடிச்சுக்குங்க.

ஃபுல் இப்ப இருக்குற நெலமைய சொல்லுது, வாளி ஃபுல் ஆஃப் ரப்பர் பால்னா யாரு ஊத்துனாங்கன்னு கேள்வியே இல்ல. ஃபில்ட்ல பெரும்பாலும் யாரோ நெரப்புன வேலையும் சேந்து தெரியும்.

பசியாறி வயிறு நெறஞ்சா ‘ஐ எம் ஃபுல்’தான், அங்க ஃபில்ட் ஒட்டாது. விண்ணப்ப ஃபார்ம்ல ‘நாமா பெனோ’ கேக்குறாங்களே, அதுவும் ஃபுல் நேம், முழுசுங்குற அர்த்தம். சந்தேகம்னா நான் ஃபுல் ஆஃப்தான் போடச் சொல்லுவேன், பேச்சுல அதுதான் இயல்பா வரும்.