பாறை இடுக்கில் செங்காந்தள்: ஐந்து வருட அனுபவம்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் பாதி கருங்கல் பாறை. காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். ரோஜாவும் மல்லியும் கருகிப்போன அந்த இடத்தில்தான் ஐந்து வருடத்துக்கு முன் நான்கு செங்காந்தள் கிழங்குகளை ஊன்றினேன். நம் மாநில மலர்தான். கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள்.

முதல் வருடம் நன்றாகவே பூத்தது. தை மாதம் கொடி பழுத்துக் காய்ந்தது. "செத்துப்போச்சு, புடுங்கிட்டு சாமந்தி வை" என்றார் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. பங்குனி, சித்திரை முழுக்கத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். வைகாசியில் தோண்டினால் மூன்று கிழங்குகள் கூழாகிக் கிடந்தன. கோடையில் அது மண்ணுக்குள் உறங்குகிறது, அப்போது ஈரம்தான் எமன் என்பது அன்றுதான் உறைத்தது.

தப்பித்த ஒன்று சரிவில், தண்ணீர் நிற்காத இடுக்கில் இருந்தது. அப்புறம் எல்லா இடுக்கையும் அப்படியே மாற்றினேன். செம்மண்ணும் கிரஷர் தூளும் சரிபாதி, ஒரு கை மக்கிய எரு, அவ்வளவுதான். கோடை மழை கொட்டினாலும் வடிந்துவிடுகிறது. கொடி காய்ந்ததும் அடையாளத்துக்கு ஒரு கூழாங்கல் வைத்துவிட்டு, ஆனி வரை அந்தப் பக்கம் குடத்தைக் கொண்டுபோவதில்லை.

கிழங்கு வாங்கும்போது நுனியைப் பாருங்கள். கலப்பைபோல இரண்டாகப் பிரிந்திருக்கும். முளை அந்த நுனிகளில்தான். ஒரு நர்சரியில் ஆறு வாங்கினேன். நான்கில் நுனி ஒடிந்திருந்ததைக் கவனிக்கவில்லை, இரண்டுதான் முளைத்தன. நான்கு விரல் ஆழத்தில் படுக்கவைத்து மூடினால் போதும்.

ஆடியில் கொடி எழும்பும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, பக்கத்தில் நட்ட விளாரைப் பிடித்துக்கொள்ளும். மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது இதழ்கள் ஆறும் மேல்நோக்கி வளையும்; முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் நிற்பதைப் பார்க்கவே காலையில் காபியோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

பழைய கிழங்கு சுருங்கி, வருடா வருடம் புதுக்கிழங்கு விடும். இப்போது ஒன்பது கூழாங்கற்கள் இருக்கின்றன.

ஒன்று முக்கியம்: வேர் முதல் விதை வரை எல்லாமே விஷம். கீல்வாதத்துக்குத் தரும் கோல்சிசின் என்ற மருந்துப்பொருள் இதிலும் இருக்கிறது, ஆனால் கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. கையுறை போட்டே தொடுகிறேன். பேரப்பிள்ளைகள் வந்தால் கொல்லைக் கதவுக்குப் பூட்டுதான்.