பூனைத் தீனி போடும் தானியங்கிக் கருவி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

காலையில் வீட்டைப் பூட்டினால் இரவில்தான் திறக்கிறோம் என்பதால், எங்கள் இரண்டு பூனைகளுக்காக, குறித்த நேரத்தில் உலர்தீனியைத் தானாகவே தட்டில் கொட்டும் கருவி ஒன்றை ஆறு மாதங்களுக்கு முன் 5,800 ரூபாய்க்கு வாங்கினோம். நேரத்தையும் அளவையும் கைப்பேசிச் செயலியில் மாற்றிக்கொள்ளலாம். மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும்.

சொன்ன வேலையைக் கருவி ஒழுங்காகவே செய்கிறது. சிறு இரைகளை ஒவ்வொன்றாக வேட்டையாடித் தின்ற மரபில் வந்த விலங்கு என்பதால், நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை உண்பதே பூனையின் இயல்பு. தட்டு நிறையக் கொட்டிவிட்டுப் போன நாட்களில் பெட்டைப் பூனை அவசரமாக விழுங்கிவிட்டு வாந்தி எடுக்கும். தீனியை ஆறு வேளையாகப் பிரித்த பிறகு அது நின்றுவிட்டது. ஒரு பங்கு 10 கிராம் என்கிறார்கள். சமையலறைத் தராசில் நிறுத்தபோது ஓரிரு கிராம் கூடவோ குறையவோதான் இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் தீனி நமுத்துவிடுகிறது.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. செயலி காட்டுவது கொட்டிய கணக்கே தவிர, தின்ற கணக்கு அன்று. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் கடுவன் தட்டின் பக்கமே வரவில்லை. அதன் பங்கையும் பெட்டை தின்று தீர்த்ததால் தட்டு காலியாக இருந்தது, செயலியும் ஆறு வேளை உணவு வழங்கப்பட்டதாகவே சொன்னது. இரவில் கடுவன் மலசலம் கழிக்கும் மணல் தட்டில் முக்கிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகே மருத்துவரிடம் ஓடினோம். சிறுநீர்ப் பாதை அடைப்பு. முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும் என்றார் அவர். பெட்டையைத் தூக்கிப் பார்த்தவர், இவ்வளவு பருமனான பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகும் என்றும் எச்சரித்தார். பூனை சாப்பிடவில்லை என்பதே பல நோய்களுக்கு முதல் அறிகுறி. இரண்டு பூனைகள் உள்ள வீட்டில் இந்தக் கருவி அந்த அறிகுறியைத்தான் மறைத்துவிடுகிறது.

இதில் உலர்தீனி மட்டுமே போட முடியும் என்பதும் சிறிய விஷயம் அன்று. உலர்தீனியில் நீர் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே உண்டு. பொட்டலத்தில் வரும் ஈரத்தீனியிலோ முக்கால் பங்கு நீர்தான். பூனை இயல்பாகவே அதிகம் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் மருத்துவரின் யோசனைப்படி காலையிலும் இரவிலும் ஈரத்தீனியைத் தனித்தனி அறையில் நாங்களே வைத்து, யார் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று பார்க்கிறோம். பகலில் இரண்டு வேளைக்கு மட்டும் கருவி ஓடுகிறது.

ஒரே பூனை வளர்ப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால், தோலுக்கடியில் பொருத்திய மைக்ரோசிப்பைக் கண்டறிந்து உரிய பூனைக்கு மட்டும் மூடி திறக்கும் கருவிகளும் உள்ளன. விலை கூடுதல்தான் என்றாலும் முதலில் அவற்றைப் பார்த்திருப்பேன்.