டாலஸா, பாஸ்டனா?

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். படிக்க யூ.டி. டாலஸ் (டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்), நார்த்ஈஸ்டர்ன் இரண்டிலும் அட்மிட் வந்திருக்கிறதா? முதலில் கட்டணத்தைப் பாருங்கள். யூ.டி. டாலஸ், டெக்சாஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகம். போட்டி முறையில் தரும் ஸ்காலர்ஷிப் 1,000 டாலராவது கிடைத்தால், டெக்சாஸ்காரர் கட்டும் குறைந்த கட்டணத்தையே வெளிநாட்டு மாணவரும் கட்ட வழியுண்டு. பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் தனியார். அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அங்கே இழுப்பது கோ-ஆப். படிப்பின் நடுவே மாதக்கணக்கில் கம்பெனியில் வேலை பார்க்கலாம். ஆனால் சீட்டோடு வேலையும் வந்துவிடாது. இன்டர்வியூவில் நாம்தான் தேற வேண்டும். கோ-ஆப்புக்கு வாங்கும் முழுநேர சி.பி.டி. (படிக்கும்போதே வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதத்தைத் தொட்டால், அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. (படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதி) போயே போச்சு.

பாஸ்டன் வாடகை கழுத்தை நெரிக்கும். செப்டம்பர் 1 வந்தால் பாதி ஊரே வீடு மாறும். தெருவோரம் கிடக்கும் மேசை, நாற்காலியைத் தாராளமாகத் தூக்கி வரலாம். மெத்தையை மட்டும் தொடாதீர்கள், மூட்டைப்பூச்சி! கார் வேண்டாம், கிரீன் லைன் ரயில் கேம்பஸ் பக்கத்திலேயே நிற்கும். டாலஸில் கார் இல்லாவிட்டால் மளிகை வாங்கக்கூடப் பல நேரம் அடுத்தவர் தயவுதான்.

கடன் வாங்கிப் படிப்பவருக்கு என் ஓட்டு டாலஸுக்கே. வேலை அனுபவம் இல்லாமல் கல்லூரி முடித்த கையோடு கிளம்புகிறவர், வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை என்றால், பாஸ்டனை யோசிக்கலாம்.